ஃபோட்டானிக் சிப் ஆய்வு: வரைவது ஒரு பங்கு, அளப்பது மூன்று பங்கு

கேள்வி இதுதான்: எலெக்ட்ரானிக்ஸில் முதுகலை முடித்த ஒருவருக்கு, ஒளித் தகவல்தொடர்புக்கான ஃபோட்டானிக் ஒருங்கிணைந்த சுற்றுகளை (ஒளி ஓடும் சிப்களை) வடிவமைத்துச் சோதிக்கும் ஆய்வுப் பணி கிடைத்திருக்கிறது. நாள்தோறும் அந்த வேலை எப்படி இருக்கும், மின்னணு சிப் வடிவமைப்பிலிருந்து எதில் வேறுபடும், சேர்வதற்கு முன் எதைப் படித்து வைக்கலாம் என்று கேட்கிறார்.

இந்த வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். அதனால் பாடப்புத்தகத்தில் இருப்பதைக் குறைத்துக்கொண்டு, சேர்ந்த பிறகுதான் தெரியவரும் விஷயங்களை அதிகம் சொல்கிறேன்.

முதலில் பெரிய வேறுபாடு. மின்னணுச் சுற்றில் சந்தேகம் வந்தால் ஆசிலோஸ்கோப் முனையை ஒரு புள்ளியில் வைத்து, அங்கே மின்னழுத்தம் எவ்வளவு என்று பார்த்துவிடலாம். ஒளிச் சுற்றில் அப்படி நடுவில் தொட்டுப் பார்க்க வழியில்லை. ஒளி ஒரு பக்கம் உள்ளே போகிறது, இன்னொரு பக்கம் வெளியே வருகிறது. இடையில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமானால், அந்த இடத்தில் ஒளியில் கொஞ்சத்தைப் பிரித்து வெளியே கொண்டுவரும் கிளையை வரையும்போதே வைத்திருக்க வேண்டும். வைக்க மறந்தால் மறந்ததுதான். சிப் கைக்கு வரும்போது பல மாதங்கள் ஓடியிருக்கும், திருத்த முடியாது. ஆகவே எதை அளக்கப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கி வந்து சிப்பை வரைகிறவர்தான் இங்கே நல்ல வடிவமைப்பாளர். கீழே சொல்வதெல்லாம் ஏதாவது ஒரு வகையில் இதைச் சுற்றித்தான் வரும்.

இந்தச் சிப்கள் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழையில் 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி ஒரு கிலோமீட்டர் போனால் இழப்பது ஏறக்குறைய 0.2 டெசிபெல் (3 டெசிபெல் போனால் பாதி மிஞ்சும், 10 போனால் பத்தில் ஒரு பங்கு). செம்புக் கம்பியில் வேகம் கூடக் கூட இழப்பும் கூடும். அதனால்தான் முதலில் கடல் தாண்டும் இணைப்புகள் ஒளிக்கு மாறின, அப்புறம் நகரங்களுக்கு இடையேயானவை, இப்போது தரவு மையத்துக்குள் ஒரு ரேக்கிலிருந்து அடுத்த ரேக்குக்குப் போகும் சில மீட்டர் தூரம்கூட. இத்தனை லட்சம் இணைப்புகளுக்கும் லென்ஸ், கண்ணாடி, லேசர் என்று ஒவ்வொன்றையும் கையால் பொருத்திக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் ஒரே துண்டில் அச்சடிக்க வேண்டும். இந்த எண்ணம் பழையது. பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் மில்லர் 1969-இலேயே ‘ஒருங்கிணைந்த ஒளியியல்’ என்ற பெயரில் இதை முன்வைத்தார். சிலிக்கானில் மின்துகள்களின் அடர்த்தியை மாற்றினால் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறும் என்று ரிச்சர்ட் சோரெஃப், பிரையன் பென்னெட் இருவரும் 1987-இல் கணக்கிட்டுத் தந்தார்கள். அந்தச் சமன்பாடுகளை இன்றும் மாடுலேட்டர் (தரவை ஒளியில் ஏற்றும் உறுப்பு) வரையும் ஒவ்வொருவரும் பயன்படுத்துகிறோம். 2004-இல் இன்டெல் குழு ஒரு கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய சிலிக்கான் மாடுலேட்டரைக் காட்டியது. அடுத்த ஆண்டே கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகால் லிப்சனின் குழு, 12 மைக்ரான் விட்டமுள்ள வளையத்தை (குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் பிடித்துச் சுற்றவிடும் வட்டப் பாதை) வைத்து அதே வேலையைச் செய்தது. அதற்குப் பிறகு துறை ஓட ஆரம்பித்துவிட்டது.

இனி பொருளுக்கு வருவோம். சிலிக்கான் ஃபோட்டானிக்ஸில் வழக்கமான வேஃபர் (சிப்களை அச்சடிக்கும் தகடு) என்பது, இரண்டு மைக்ரானோ அதற்கு மேலோ தடிமனுள்ள ஆக்சைடின் மேல் 220 நானோமீட்டர் சிலிக்கான். அந்த மேல் அடுக்கைச் செதுக்கி, 450 முதல் 500 நானோமீட்டர் அகலத்தில் வாய்க்கால் மாதிரி ஒரு அலைவழி எடுக்கிறோம். சிலிக்கானின் ஒளிவிலகல் எண் சுமார் 3.48, சுற்றியுள்ள ஆக்சைடுக்கு 1.44. இந்தப் பெரிய வித்தியாசத்தால் ஒளி இறுக்கமாக அடைபடுகிறது, ஐந்து மைக்ரான் ஆரத்தில் திருப்பினாலும் வெளியே சிந்தாது. ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏகப்பட்ட உறுப்புகளை அடுக்க முடிவது இதனால்தான்.

ஆனால் இந்த வரத்தோடு மூன்று சாபங்களும் சேர்ந்தே வருகின்றன, உங்கள் நாட்கள் பெரும்பாலும் அந்த மூன்றோடுதான் கழியும்.

முதலாவது, அளவுத் துல்லியம். அலைவழியின் அகலமோ தடிமனோ ஒரு நானோமீட்டர் மாறினால், அதில் செய்த வளையத்தின் ஒத்ததிர்வு அலைநீளமும் (வளையம் பிடித்துக்கொள்ளும் அலைநீளம்) ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஒரே இழையில் பல அலைநீளங்களைத் தனித்தனிச் சேனல்களாக அனுப்பும் அலைநீளப் பகிர்வு முறையில் 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியுள்ள இரண்டு சேனல்களுக்கு நடுவே இருப்பதே 0.8 நானோமீட்டர்தான். அதாவது ஒரு நானோமீட்டர் பிசகினால் நீங்கள் பக்கத்துச் சேனலையும் தாண்டிப் போய்விட்டீர்கள். சிலிக்கான் படிகத்தில் ஓர் அலகுக் கூட்டின் பக்கம் 0.54 நானோமீட்டர். இரண்டு கூடு அளவுக்குப் பிசகாமல் செதுக்கு என்று எந்த ஃபேபிடமும், அதாவது சிப் தயாரிக்கும் ஆலையிடமும், கேட்க முடியாது. ஆகவே பிழை வரும் என்று ஏற்றுக்கொண்டு, வந்த பிழையைப் பிறகு ஹீட்டர் வைத்துச் சரிசெய்யும்படி வரைகிறோம்.

இரண்டாவது, வெப்பம். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சிலிக்கான் வளையத்தின் ஒத்ததிர்வு 0.07 முதல் 0.08 நானோமீட்டர் வரை நகரும். பத்து டிகிரியில் ஒரு சேனல் போச்சு. ஹீட்டரால் திருத்தலாம் என்பதற்கும் இதே பண்புதான் காரணம். ஆனால் ஒரு வளையத்துக்குக் கொடுத்த சூடு பக்கத்து வளையத்துக்கும் போகும். எட்டு வளையம் வரிசையாக இருந்தால், ஒன்றைத் திருத்தப் போய் மற்ற ஏழும் கலைந்துவிடும்.

மூன்றாவது, இழையோடு இணைப்பது. சாதாரண ஒற்றைமுறை இழையில் ஒளிக்கற்றையின் விட்டம் பத்து மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். நம் அலைவழியோ அரை மைக்ரானுக்கு 0.22 மைக்ரான். பரப்பளவில் எழுநூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம். குளத்துத் தண்ணீரைச் சிந்தாமல் ஊசித் துளையில் விடும் வேலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. சிப்பின் மேற்பரப்பில் வரிவரியாகச் செதுக்கி மேலிருந்து ஒளியை இறக்கும் கிரேட்டிங் கப்ளர் ஒன்று. அலைவழியை முனையில் ஊசி போலக் குறுக்கி, ஒளிக்கற்றை தானாக விரியும்படி செய்து, சிப்பின் ஓரத்திலிருந்து எடுக்கும் எட்ஜ் கப்ளர் இன்னொன்று. முதலாவதை வேஃபரில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், சோதிக்க எளிது. ஆனால் சாதாரண வடிவத்தில் ஒரு முனைக்கு மூன்று, நான்கு டெசிபெல் போய்விடும், அலைநீள வீச்சும் குறுகியது. இரண்டாவதில் இழப்பு குறைவு, வீச்சு அகலம். ஆனால் ஓரத்தை மெருகேற்ற வேண்டும், இழையை ஒரு மைக்ரானுக்குள் பொருத்த வேண்டும். ஆய்வகத்தில் கிரேட்டிங், விற்பனைப் பொருளில் எட்ஜ் என்பது பரவலான பழக்கம். புதிதாக வருகிறவர் கிரேட்டிங்கில் ஆரம்பிப்பதே நல்லது, பாதி மனவேதனை மிச்சம்.

வடிவமைப்பு என்று உட்கார்ந்தால் நடப்பது என்ன? சுற்றின் நோக்கத்தை எடுத்துக்கொண்டு அதை உறுப்புகளாகப் பிரிக்கிறோம்: பிரிப்பான், வளையம், மாக்–சேண்டர் குறுக்கீட்டுமானி (ஒளியை இரண்டு கரங்களாகப் பிரித்து மறுபடி சேர்ப்பது), மாடுலேட்டர், ஒளியை மின்சாரமாக்கும் ஜெர்மேனியம் டிடெக்டர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக சிமுலேஷன் செய்கிறோம். அலைவழியின் குறுக்குவெட்டுக்கு மோடு சால்வர் (ஒளி அதில் எந்த வடிவில் பரவும் என்று காணும் நிரல்), வளைந்து நெளிந்த உறுப்புக்கு எஃப்டிடிடி (இடத்தையும் காலத்தையும் சின்னச் சின்னதாக வெட்டி ஒளியின் ஓட்டத்தைக் கணக்கிடும் முறை). இந்த எஃப்டிடிடி முப்பரிமாணத்தில் எவ்வளவு பசியோடு கணினியைத் தின்னும் என்பதை ஒரு தடவை அனுபவித்தால் மறக்க மாட்டீர்கள். கட்ட அளவைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும், காலப் படிகள் இரண்டு மடங்காகும், ஆகமொத்தம் பதினாறு மடங்கு வேலை. ஒரு மணி நேரத்தில் முடிந்தது பதினாறு மணி நேரம் ஓடும். அதனால் முழுச் சுற்றையும் எஃப்டிடிடியில் போடுகிற ஆள் யாரும் இல்லை. உறுப்புகளின் பரவல் அணிகளை (உள்ளே போகும் ஒளியில் எந்த முனைக்கு எவ்வளவு வருகிறது என்ற அட்டவணை) மட்டும் எடுத்து, சுற்று அளவிலான கருவியில் கோத்துப் பார்க்கிறோம். எலெக்ட்ரானிக்ஸ் படித்த உங்களுக்கு மைக்ரோவேவ் பாடத்தின் எஸ்-அளவுருக்கள் ஞாபகம் இருக்குமே, அதேதான்.

எலெக்ட்ரானிக்ஸிலிருந்து வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் விழும் குழி ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு கரங்களுக்கு இடையே 100 மைக்ரான் நீள வித்தியாசமுள்ள மாக்–சேண்டரை வரைகிறீர்கள். ஸ்பெக்ட்ரத்தில் அடுத்தடுத்த உச்சங்களுக்கு எவ்வளவு இடைவெளி இருக்கும்? அலைநீளத்தின் வர்க்கத்தை, ஒளிவிலகல் எண்ணும் நீள வித்தியாசமும் சேர்ந்த பெருக்கலால் வகுக்க வேண்டும் என்று சூத்திரம் சொல்லும். மோடு சால்வர் காட்டும் பயனுறு எண், அதாவது அலைவழியில் ஓடும் ஒளி உணரும் ஒளிவிலகல் எண், 2.4. அதைப் போட்டால் 10 நானோமீட்டர் வரும். சிப் வந்து அளந்தால் 5.7 நானோமீட்டர்தான் இருக்கும். ஃபேபைத் திட்டுவதற்கு முன் சூத்திரத்தை மறுபடி பாருங்கள். அங்கே போட வேண்டியது குழு ஒளிவிலகல் எண் (ஒளித் துடிப்பின் வேகத்தைக் குறிப்பது), அது இந்த அலைவழிக்கு 4.2 அளவில் இருக்கும். அலைநீளத்தோடு பயனுறு எண் வேகமாக மாறுவதால் வருகிற வித்தியாசம் இது. அளந்த இடைவெளியிலிருந்தே குழு எண்ணைத் திருப்பிக் கணக்கிட்டு, அதை வைத்து அலைவழி உண்மையில் என்ன அகலத்தில் வந்திருக்கிறது என்று ஊகிக்கவும் முடியும். ஒரு சாதாரண மாக்–சேண்டரை நான் எல்லாச் சிப்பின் மூலையிலும் போட்டுவைப்பதன் காரணம் அதுதான்.

உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சில சாய்வுகள் உண்டு, சொல்லிவிடுகிறேன். இரண்டு அலைவழிகளை அருகருகே ஓடவிட்டு ஒளியைப் பகிரும் டைரக்‌ஷனல் கப்ளர் தாளில் அழகாக இருக்கும். நடைமுறையில் இடைவெளி சில நானோமீட்டர் மாறினாலே பகிர்வு விகிதம் ஓடிவிடும், அலைநீளத்தோடும் மாறும். பாதிக்குப் பாதி பிரிக்க மட்டும்தான் வேண்டும் என்றால், கொஞ்சம் இழப்பு கூடினாலும் பல்முறைக் குறுக்கீட்டுப் பிரிப்பானை (ஒளி பல மோடுகளாகக் கலந்து பிரியும் அகலமான அலைவழித் துண்டு) போடுவேன், அது பிழையைத் தாங்கும். நீளமான நேர் ஓட்டங்களில் அலைவழியை அகலமாக்கிவிடுவேன். ஒளி பக்கச் சுவரைக் குறைவாகத் தொடும், சுவரின் சொரசொரப்பால் வரும் இழப்பும் ஒளி அலையின் கட்டப் (phase) பிழையும் குறையும். வளைவு வந்ததும் திரும்பக் குறுக்கிக்கொள்ளலாம்.

லேஅவுட் வரைவது இப்போது பெரும்பாலும் பைதான் நிரல் எழுதுவதுதான். சுட்டியை இழுத்து வரைவதைவிட இது நல்லது. ஒரு அளவை மாற்றினால் சுற்று முழுவதும் தானாக மாறும், முந்தைய பதிப்பு எங்கே போனது என்று தேட வேண்டாம். கவனிக்க வேண்டியது கட்டப் (grid) புள்ளி விவகாரம். ஜிடிஎஸ் கோப்பில் (ஃபேபுக்கு அனுப்பும் வரைபடக் கோப்பு) ஆயங்கள் வழக்கமாக ஒரு நானோமீட்டர் கட்டத்துக்கு வட்டமாக்கப்படும். ஒரு உறுப்பை ஏடாகூடமான கோணத்தில் திருப்பி இன்னொன்றோடு ஒட்டினால், சேரும் இடத்தில் ஒரு நானோமீட்டர் விரிசல் விழலாம். கண்ணுக்குத் தெரியாது. விதிச் சரிபார்ப்பு நிரல் நூற்றுக்கணக்கில் பிழை காட்டும்போதுதான் தெரியும், அதுவும் கோப்பு அனுப்ப வேண்டிய நாளின் இரவில்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. என் முதல் சிப்பில் எட்டு கிரேட்டிங் கப்ளர்களை ஒரே வரிசையில் வைத்தேன், எட்டு இழைகளைக் கொண்ட இழைவரிசையை ஒரே தடவையில் மேலே இறக்கலாம் என்ற திட்டம். இழையின் வெளிவிட்டம் 125 மைக்ரான் என்பது மனதில் பதிந்திருந்தது, கப்ளர்களுக்கு இடையே அதையே போட்டுவிட்டேன். இழைவரிசைகளில் இழைக்கு இழை தூரம் 127 மைக்ரான். இரண்டு மைக்ரான்தானே என்று தோன்றும். முதல் இழையைப் பொருத்தினால் இரண்டாவது இரண்டு மைக்ரான் தள்ளி நிற்கும், எட்டாவது பதினான்கு மைக்ரான் தள்ளிப் போயிருக்கும், அங்கே ஒளியே இல்லை. கடைசியில் ஒற்றை இழைகள் இரண்டை எடுத்து ஒவ்வொன்றாகக் கையால் அளந்தேன். இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை ஆறு வாரம் இழுத்தது. அப்போதிருந்து, கோப்பு அனுப்பும் முன் சோதனைமேசையில் இருக்கும் இழைவரிசையின் அளவுத்தாளை எடுத்து லேஅவுட்டின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது என் பழக்கமாகிவிட்டது.

ஃபேபுக்கு அனுப்பும் முறையையும் சொல்ல வேண்டும். முழு வேஃபரை ஒரு ஆய்வுக் குழு வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே பல குழுக்களின் வடிவங்களை ஒரே வேஃபரில் சேர்த்து அடிக்கும் பகிர்வுத் தயாரிப்புச் சுற்றுகளில் இடம் வாங்குகிறோம். பெல்ஜியத்தின் ஐமெக், பிரான்ஸின் லெட்டி, அமெரிக்காவின் எய்ம் ஃபோட்டானிக்ஸ், சிங்கப்பூரின் ஏஎம்எஃப் போன்றவை இவற்றை நடத்துகின்றன. கடைசித் தேதி தவறினால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். மாடுலேட்டரும் டிடெக்டரும் உள்ள முழுச் செயல்முறையில் சிப் திரும்பி வர அரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். அலைவழிகள் மட்டும் இருந்தால் எலெக்ட்ரான் கற்றையால் எழுதும் இடங்களில் சில வாரங்களில் வாங்கிவிடலாம். என் யோசனை: புதிய உறுப்பு எதையும் முதலில் இந்தக் குறுகிய வழியில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, தேறியதை மட்டும் நீண்ட சுற்றுக்கு அனுப்புங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் சும்மா இருக்க முடியாது. சோதனையைத் தானியக்கமாக்கும் நிரல்களை அப்போதுதான் எழுதுகிறோம். ஒரு சிப்பில் முந்நூறு உறுப்பு இருந்தால் கையால் அளப்பது நடக்காத காரியம். லேஅவுட் எழுதும்போதே ஒவ்வொரு கப்ளரின் ஆயத்தையும் ஒரு கோப்பில் சேமித்துவைத்தால், நகரும் மேசை அந்தக் கோப்பைப் படித்துத் தானே போய் அளந்துவிடும்.

சரி, சிப் வந்துவிட்டது. மேசையில் என்னென்ன இருக்கும் என்றால், அலைநீளத்தை மாற்றக்கூடிய லேசர் ஒன்று, முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலை அதிரும் திசையை, திருத்த மூன்று துடுப்புகள், மைக்ரானுக்கும் கீழே நகரும் மேடைகள், நுண்ணோக்கி, ஒளித்திறன்மானி, சிப்பின் அடியில் வெப்பநிலையைப் பிடித்துவைக்கும் பெல்டியர். முதல் வாரம் முழுக்க இழையைக் கப்ளருக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தவே பழகுவீர்கள். கிரேட்டிங்குக்கு இழையை எட்டு, பத்து டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அந்தக் கோணம் கொஞ்சம் மாறினாலும் உச்ச அலைநீளம் பல நானோமீட்டர் நகர்ந்துவிடும். முனைவாக்கம் இன்னொரு தொல்லை. இழையை யாராவது உரசிக்கொண்டு போனால் திறன்மானி கீழே இறங்கும், சிப்பைச் சந்தேகப்பட்டு அரை நாள் வீணாகும். அதனால் நான் இழைகளை மேசையோடு டேப் போட்டு ஒட்டிவிடுவேன்.

முதலில் அளப்பது இழப்பு. எளிதாகத் தோன்றும் இந்த அளவீட்டில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சிலிக்கான் அலைவழியின் இழப்பு சென்டிமீட்டருக்கு இரண்டு டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் நீளமும் இரண்டு மில்லிமீட்டர் நீளமும் உள்ள இரண்டு அலைவழிகளை அளந்து கழித்தால் வர வேண்டியது 0.2 டெசிபெல். ஆனால் இழையைத் தூக்கி மறுபடி இறக்கினாலே அளவு 0.3 டெசிபெல் ஆடும். அந்த ஆட்டத்துக்குள் உங்கள் விடை முங்கிப்போகும். அதனால் சுருள்களாக ஐந்து சென்டிமீட்டர் வரை வரைய வேண்டும், பத்து டெசிபெல் வித்தியாசம் வந்தால் 0.3 பெரிதாகத் தெரியாது. நீளங்கள் குறைந்தது நான்காவது இருக்க வேண்டும், எல்லாச் சுருளிலும் வளைவுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வளைவின் இழப்பையும் நீளத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இதெல்லாம் வரையும்போது செய்ய வேண்டியது, அளக்கும்போது யோசித்து ஒன்றும் ஆகாது.

வளையத்தை அளந்தால் வேறொரு புதிர். ஸ்பெக்ட்ரத்தில் ஆழமான பள்ளங்கள் வரும். பள்ளத்தின் அகலத்திலிருந்து தரக்காரணி (வளையம் ஒளியை எவ்வளவு நேரம் பிடித்துவைக்கிறது என்பதன் அளவு) கிடைக்கும், ஆழத்திலிருந்து வளையத்துக்குள் போகும் ஒளிக்கும் உள்ளே இழக்கப்படும் ஒளிக்கும் உள்ள உறவு கிடைக்கும். ஆனால் அலைவழிக்கும் வளையத்துக்கும் உள்ள இணைப்பு கூடுதலா, குறைவா என்று அந்த ஒரு பள்ளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் திறன் அளவில் ஒரே வடிவத்தைத்தான் தரும், கட்டத்தில் மட்டுமே வேறுபடும். இதற்கு விடை என்ன? ஒரே வளையத்தை வெவ்வேறு இடைவெளிகளில் ஆறேழு தடவை வரைந்துவைப்பது. இடைவெளி கூடக் கூடப் பள்ளம் ஆழமாகி, ஒரு உச்சத்தைத் தொட்டு, மறுபடி ஆழம் குறையும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.

லேசர் திறனைக் கூட்டி வளையத்தை அளந்தால் பள்ளம் ஒருபக்கம் சாய்ந்து ரம்பப் பல் மாதிரி ஆகிவிடும். புதியவர்கள் புதிய இயற்பியலைக் கண்டுபிடித்துவிட்டதாக ஓடிவருவார்கள். உள்ளே சேர்ந்த ஒளி வளையத்தைச் சூடாக்குகிறது, சூட்டால் ஒத்ததிர்வு நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகர்கிறது, லேசரும் அதே பக்கம் போவதால் அதைத் துரத்திக்கொண்டே போகிறது. எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள், வடிவம் மாறினால் சூடுதான். திறனைப் பத்தில் ஒரு பங்காக்கி மறுபடி அளந்தால் சாதுவாக நேராகிவிடும். பள்ளம் இரண்டாகப் பிளந்து வந்தால் மட்டும் வேறு கதை. சுவரின் சொரசொரப்பால் ஒளியின் ஒரு பகுதி திரும்பி எதிர்த்திசையில் சுற்றுகிறது என்று அர்த்தம்.

எனக்கு மிகப் பிடித்தது சிற்றலைகளைத் துப்பறிவது. ஸ்பெக்ட்ரத்தின் மேல் சின்னச் சின்ன அலைகள் ஏறியிருந்தால், எங்கோ இரண்டு இடங்களிலிருந்து ஒளி எதிரொளிக்கிறது என்று பொருள். அலைகளுக்கு இடையேயான தூரம் அந்த இரண்டு இடங்களுக்கு இடையேயான தூரத்தைச் சொல்லிவிடும். ஒரு தடவை 0.06 நானோமீட்டர் இடைவெளியில் சிற்றலை வந்தது. குழு எண் 4.2 என்று போட்டுக் கணக்கிட்டால் 4.8 மில்லிமீட்டர் அளவில் வரும். சிப்பின் நீளமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே குற்றவாளி உள்ளேயிருக்கும் எந்த உறுப்பும் அல்ல, இரண்டு ஓர முகங்கள்தான். தொட்டுப் பார்க்க முடியாத சுற்றில் நடுவே நடப்பதை இப்படித்தான் காது வைத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதிவேகச் சோதனை தனி உலகம். மாடுலேட்டர் என்பது பின்னோக்கு மின்னழுத்தம் கொடுத்த பிஎன் சந்தியைச் சுமக்கும் அலைவழி. அதன் திறமையை வோல்ட்டும் நீளமும் பெருக்கிய எண்ணால் சொல்வார்கள். அது 2 வோல்ட்-சென்டிமீட்டர் என்றால், 2 மில்லிமீட்டர் நீளக் கரத்தில் கட்டத்தை 180 டிகிரி திருப்ப 10 வோல்ட் வேண்டும். டோப்பிங்கைக் கூட்டினால் வோல்ட் குறையும், ஒளி இழப்பு கூடும். நீளத்தைக் கூட்டினாலும் வோல்ட் குறையும், ஆனால் ஒளி இழப்பு கூடுவதோடு வேகமும் குறையும். எந்தப் பக்கம் இழுத்தாலும் போர்வை இன்னொரு பக்கம் போதாது. ரேடியோ அலை முனைகள், மின்மறுப்புப் பொருத்தம், கம்பியிணைப்பின் தூண்டம் என்று உங்கள் எலெக்ட்ரானிக்ஸ் இங்கேதான் நேரடியாகப் பலன் தரும். இயற்பியல் படித்துவிட்டு வந்தவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள், நீங்கள் முன்னால் நிற்பீர்கள்.

கண்வடிவம் (பிட்டுகளின் அலைவடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட படம்) திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு பிட் பிழை விகிதம். பத்து கிகாபிட் வேகத்தில் லட்சம் கோடி பிட்டுக்கு ஒரு பிழைக்கும் கீழே என்று 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல, மூன்று லட்சம் கோடி பிட்டுகள் ஒரு பிழையும் இல்லாமல் போக வேண்டும். அதாவது ஐந்து நிமிடம். அதைவிட ஆயிரம் மடங்கு கடுமையாகக் கேட்டால் மூன்று நாளைக்கு மேல் இழை அசையாமல் நிற்க வேண்டும். இப்போது நான்கு நிலைச் சைகையும் (ஒரு தடவையில் இரண்டு பிட் சுமப்பது) பிழைதிருத்தக் குறியீடும் சேர்ந்துவிட்டதால் பல இணைப்புகளில் திருத்தத்துக்கு முன் பத்தாயிரத்துக்கு இரண்டு பிழைவரை தாங்குவார்கள், சில நொடிகளில் அளந்துவிடலாம். எங்கள் காலத்தில் பட்ட பாடு உங்களுக்கு இல்லை.

இத்தனைக்கும் அடியில் ஓடுவது ஒரு சாதாரணக் கூட்டல் கழித்தல் கணக்கு. லேசர் 10 டிபிஎம், அதாவது 10 மில்லிவாட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்புக்குள் போக 2 டெசிபெல், மாடுலேட்டருக்கு 4, அதைப் பாதி ஒளி மட்டும் விடும் நடுப்புள்ளியில் இயக்குவதால் 3, உள் ஓட்டங்களுக்கு 1, வெளியே வர 2, இழைக்கும் இணைப்பான்களுக்கும் 1, வாங்கும் சிப்புக்குள் போக 2. மொத்தம் 15. டிடெக்டரில் மிஞ்சுவது மைனஸ் 5 டிபிஎம், ஏறக்குறைய 0.3 மில்லிவாட். பத்தில் இவ்வளவுதான் பிழைக்கிறது. இந்த வரிசையில் எந்த ஒரு எண்ணிலும் அரை டெசிபெல் மிச்சம் பிடித்தால் அது ஒரு ஆய்வுக்கட்டுரை. ஆராய்ச்சித் தலைப்பு தேடுகிறவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் எழுதிக் காட்டுவேன். எங்கே அதிகம் கசிகிறது என்று பார்த்து அங்கே உட்காருங்கள்.

சிலிக்கான் மட்டுமே உலகம் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அதன் ஆற்றல் பட்டை மறைமுகமானது (எலெக்ட்ரான் இழக்கும் ஆற்றல் எளிதில் ஒளியாக வராது), லேசர் தராது. ஒளி வேண்டுமானால் இண்டியம் பாஸ்பைடு போன்ற பொருளை மேலே ஒட்ட வேண்டும் அல்லது தனி லேசரைப் பக்கத்தில் வைக்க வேண்டும். சிலிக்கான் நைட்ரைடில் இழப்பு சென்டிமீட்டருக்கு 0.1 டெசிபெல்லுக்கும் கீழே வரும், ஆனால் வளைவுகள் பெரிதாகும். மெல்லிய படல லித்தியம் நையோபேட் மாடுலேட்டருக்கு அருமையான பொருள். ஹார்வர்டு குழு 2018-இல் சாதாரண சிப் மின்னழுத்தத்திலேயே அதை இயக்கிக் காட்டியதிலிருந்து அந்தப் பக்கம் கூட்டம் அதிகம். எந்தப் பொருளில் வேலை என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், அளக்கும் பழக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

முன்கூட்டிப் படிக்க வேண்டியதைக் கேட்டிருக்கிறீர்கள். மின்காந்தவியலில் அலைவழி மோடுகள், எஸ்-அளவுருக்கள், பைதான், டெசிபெல்லில் யோசிக்கும் பழக்கம், இவை போதும். குவாண்டம் இயற்பியல் இப்போதைக்கு வேண்டாம். விண்ணப்பிக்கிறவர்கள் பலர் சிமுலேஷன் கருவி எத்தனை தெரியும் என்று அடுக்குகிறார்கள், அதை எந்தக் குழுவும் இரண்டு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். அளந்த ஒரு வளைகோட்டைக் கொடுத்து இது ஏன் இப்படி வந்தது என்று கேட்டால் நான்கு காரணங்கள் ஊகித்து, அவற்றைப் பிரித்தறிய ஒரு அளவீடு சொல்லத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது.

வேலைவாய்ப்பைப் பற்றி ஒரு வரி: என்விடியா 2025 மார்ச்சில் நுண்வளைய மாடுலேட்டர்களைச் சுவிட்ச் சிப்போடு ஒரே பொதியில் வைக்கும் வடிவத்தை அறிவித்தது. அந்த வழியில் போகும் எந்த நிறுவனத்துக்கும் பொதியலும் (சிப்பை இழை, லேசரோடு சேர்த்துக் கட்டுவது) சோதனையும் தெரிந்தவர்கள் வேண்டும். ஒரு ஒளிச் சிப்பில் செலவும் தலைவலியும் பெரும்பாலும் அந்த இரண்டு இடத்தில்தான்.

சேருவதற்கு முன் அந்தக் குழுவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை சிப் அனுப்புகிறார்கள்? அளக்கும் மேசை உங்களுக்கென்று இருக்குமா, நான்கு பேர் பங்கிட்டு வரிசையில் நிற்க வேண்டுமா? போன தடவை வந்த சிப் வேலை செய்யாதபோது என்ன செய்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சிரித்துக்கொண்டே ஒரு நீண்ட கதை சொன்னால் தைரியமாகச் சேருங்கள். எங்கள் சிப் எல்லாம் முதல் தடவையிலேயே வேலை செய்தது என்று சொன்னால், அளவீட்டுக் கோப்புகளைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.